புலி குத்திப் பட்டான்: புலிப்போர்க் கருவிகள் – நடுகல், தொன்மம், திரைப்படம் (தென்பெண்ணை வடிநிலத்தை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

புலியோடு பொருது மாண்ட வீரர்க்கு எடுக்கப்பட்ட புலிக்குத்திக் கற்கள் தமிழகத்தின் மேட்டுநிலப் பகுதிகளில் மிகுதியாகக் கிடைக்கின்றன. இக்கற்களில் செதுக்கப்பட்டுள்ள படைக்கலங்களையும், தொன்மங்களிலும் திரைப்படங்களிலும் புலிப்போருக்கு உரியனவாகக் காட்டப்படும் படைக்கலங்களையும் இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது. தென்பெண்ணையின் மேற்பகுதியிலிருந்து அதன் கடைமடையான பாகூர் வரையிலும், அதனை அடுத்துச் சங்கராபரணிக் கரையிலுள்ள வில்லியனூர் வரையிலுமான நிலப்பரப்பு ஆய்வுக் களமாகக் கொள்ளப்படுகிறது. கல் வீரனின் சாவைப் பதிவு செய்ய, தொன்மமும் திரைப்படமும் அவனது வெற்றியைப் பாடுகின்றன என்பதும், இந்த மாற்றத்தால் கருவியின் உருவமும் பொருளும் மாறுகின்றன என்பதும் இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: நடுகல், புலிக்குத்திக்கல், குறுவாள், ஈட்டி, கட்டாரி, நரிக்குத்து, வேடியப்பன், பாகூர், வில்லியனூர்.

1. முன்னுரை

தமிழ்ப் பண்பாட்டில் புலி இருவேறு நிலைகளில் இடம்பெறுகிறது. சோழர் கொடியில் அது வெற்றியின் சின்னம். குறிஞ்சி, முல்லை நில மக்களின் வாழ்வில் அது ஆநிரையைக் கவரும் பகை. சங்க இலக்கியங்கள் புலி, வேங்கை, உழுவை, வயமா எனப் பல பெயர்களால் அதனைச் சுட்டுகின்றன. சிறுவர்க்குப் புலிப்பல் தாலி அணிவிக்கும் வழக்கத்தையும் அவை காட்டுகின்றன. வென்ற விலங்கின் பல் காப்பணியாக மாறுவது, அவ்விலங்கின்மீது மக்கள் கொண்டிருந்த அச்சத்தையும் மதிப்பையும் ஒருசேரப் புலப்படுத்துகிறது.

நடுகல் ஆய்வுகள் பெரும்பாலும் கல்வெட்டு வாசகம், அரசர் பெயர், ஆட்சியாண்டு, நாட்டுப் பிரிவு ஆகியவற்றையே முதன்மைப்படுத்தி வந்துள்ளன. வீரன் கையிலிருக்கும் கருவி, சிற்ப விவரணையில் ஒரு சொல்லளவில் கடந்து செல்லப்படுவதுண்டு. ஆனால் அக்கருவி எத்தகையது, புலியின் உடலில் எவ்விடத்தில் பாய்கிறது, வீரன் எவ்வளவு அருகில் நிற்கிறான் என்பன சமூக வரலாற்றுக்குப் பயன்படும் சான்றுகள். போர்த்தொழிலையே வாழ்வாகக் கொண்டவனா, மாடு மேய்க்கச் சென்றவனா, அரசனின் வேட்டைத் துணைவனா என்ற வினாவிற்கு விடை தேட அவை உதவுகின்றன.

2. ஆற்றின் இரு முனைகள்

தென்பெண்ணை கருநாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஓசூர், கிருட்டிணகிரி, தருமபுரிப் பகுதிகளைக் கடந்து, சாத்தனூர், திருக்கோவலூர் வழியாகக் கடலூர்க்கு அருகே கடலில் கலக்கிறது. அதன் மேற்பகுதி குன்றுகளும் புதர்க்காடுகளும் மேய்ச்சல் நிலங்களும் நிறைந்தது. கீழ்ப்பகுதி ஏரிப் பாசன வயல்வெளி. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பிரியும் பங்காரு வாய்க்கால் பெண்ணை நீரைப் பாகூர் ஏரிக்குக் கொண்டு சேர்க்கிறது. செஞ்சி மலைப்பகுதியில் தோன்றும் சங்கராபரணி வில்லியனூரை ஒட்டி ஓடுகிறது.

இவ்விரு நிலங்களும் தம் நினைவுகளை வெவ்வேறு வகையில் பதிந்து வைத்துள்ளன. மேற்பகுதியில் செங்கம், தண்டராம்பட்டு, தருமபுரி, கிருட்டிணகிரி வட்டாரங்களில் பல்லவர் காலம் முதலான நடுகற்கள் பெருந்தொகையாகக் கிடைத்துள்ளன. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972இல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' இத்துறையின் அடிப்படைத் தொகுப்பாகும். கீழ்ப்பகுதியில் நிலைமை வேறு. நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த பாகூர்ச் செப்பேடு, அவ்வூர் வித்யாஸ்தானத்திற்கு மூன்று ஊர்கள் அளிக்கப்பட்டதைப் பதிவு செய்கிறது. பாகூர்ப் புலவர் சு. குப்புசாமி தொகுத்த புதுச்சேரிக் கல்வெட்டுகளில் பெரும்பான்மையானவை கோயிற் கொடைகளைப் பற்றியன. மேட்டில் மாடு காத்து மாண்டவன் நினைக்கப்படுகிறான். பள்ளத்தில் நிலம் கொடுத்தவன் நினைக்கப்படுகிறான். புலிப்போர்க் கருவிகளை இவ்வேறுபாட்டின் பின்னணியிலேயே நோக்க வேண்டும்.

3. நடுகல் வாய்பாடு: 'குத்தி', 'பட்டான்'

நடுகல் மரபின் தொன்மைக்குத் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழி எழுத்துடைய கற்கள் சான்றாகின்றன. அவற்றுள் ஒன்று ஆகோள் நிகழ்வைக் குறிப்பிடுகிறது. ஆநிரை கவர்தலும் மீட்டலும் நடுகல் எடுப்பதற்குரிய முதன்மைக் காரணங்களாக நெடுங்காலம் நீடித்தன. மாந்தக் கள்வரிடமிருந்து ஆநிரையைக் காத்தவனுக்கு எடுத்த கல்லே, விலங்குப் பகையிடமிருந்து காத்தவனுக்கும் எடுக்கப்பட்டது. புலிக்குத்திக்கல் தனித்தோன்றிய மரபன்று. ஆகோள் கல்லின் கிளையே ஆகும்.

இவ்வகைக் கற்களில் காணப்படும் 'புலி குத்திப் பட்டான்' என்னும் வாய்பாடு இரண்டு வினைகளைக் கொண்டது. முதல் வினை 'குத்துதல்'. வெட்டுதல், எறிதல், எய்தல் ஆகியன அல்லாமல் குத்துதலே இங்குத் தெரிந்தெடுக்கப்படுகிறது. வில்லும் எறிவேலும் தொலைவிலிருந்து பயன்படுத்தப்படுவன. குத்துதல் என்பது கைக்கெட்டும் தொலைவில் நிகழ்வது. உடலின் எடை முழுவதையும் கருவியின் முனைக்கு அளிப்பது. புலியின் தளர்ந்த தோலும் தடித்த தசையும் வெட்டை வாங்கிக்கொள்ளும்; ஆழப் பாயும் குத்தே உயிர்நிலையைத் தொடும். முழு வளர்ச்சியுற்ற ஆண் வேங்கை 180 முதல் 260 கிலோ வரை எடையுள்ளது. அது பாய்ந்த பின்னர் வாளை ஓங்குவதற்கு இடமிராது. முனையை முன்னிறுத்துவதற்கே வாய்ப்புண்டு. 'குத்தி' என்னும் எச்சம் மரபுச்சொல் மட்டுமன்று, அப்போரின் இயல்பை உணர்ந்தோர் வழங்கிய சொல்.

இரண்டாம் வினை 'படுதல்'. பட்டான் என்பதற்கு இறந்தான் என்பதே பொருள். புலி மாண்டதா என்பதை வாய்பாடு சொல்வதில்லை. சொற்றொடரின் முற்றுவினை வீரனின் சாவைக் குறிக்கிறது. புலியைக் குத்தியது அதற்கு முந்தைய நிகழ்வாக எச்சத்தில் அமைகிறது. சிற்பத்தைப் பார்ப்பவருக்கு வீரன் வெல்வது போலத் தோன்றும். வாசகத்தைப் படிப்பவருக்கு அவன் இறந்தான் என்பது தெரியும். உருவமும் எழுத்தும் இவ்வாறு ஒன்றையொன்று நிரப்புகின்றன.

மாண்டவனின் குடும்பத்திற்கு உதிரப்பட்டி, நெய்த்தோர்பட்டி எனப்படும் நிலக்கொடை அளிக்கும் வழக்கமும் இருந்தது. உதிரம், நெய்த்தோர் ஆகிய இரண்டும் குருதியைக் குறிக்கும் சொற்கள். ஊரின் ஆநிரையைக் காக்கச் சிந்திய குருதிக்கு ஊர் பட்டிருந்த கடன், நிலமாகத் திருப்பித் தரப்பட்டது. வீரத்தைப் போற்றுவதோடு, பிழைத்திருப்போரின் வாழ்வுக்கு வழிசெய்வதும் நடுகல் மரபின் பணியாக இருந்தது என்பதை இது காட்டுகிறது.

4. கற்களில் காணப்படும் படைக்கலங்கள்

புலிக்குத்திக் கற்கள் தருமபுரி, கிருட்டிணகிரி, திருவண்ணாமலைப் பகுதிகளிலும், கொங்கு நாட்டில் ஈரோடு, திருப்பூர், கோவைப் பகுதிகளிலும் பரவலாக உள்ளன. கொங்கு நாட்டுக் கற்களில் எழுத்தில்லாதவையே மிகுதி. அவற்றுள் பல விசயநகர, நாயக்கர் காலத்தவை. இக்கற்களில் வீரன் கையிலுள்ள கருவிகளை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது ஈட்டி அல்லது வேல். வீரன் இரு கைகளாலும் தண்டைப் பற்றி, பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் புலியின் வாயிலோ மார்பிலோ பாய்ச்சுகிறான். புலிக்கும் வீரனுக்கும் இடையே ஒரு தண்டின் நீளத்திற்கு இடைவெளி இருப்பதால் தற்காப்புக்கு ஏற்ற கருவி இதுவே. பயிரையும் பட்டியையும் இரவில் காவல் காப்போரிடம் இயல்பாக இருந்த கருவியும் இதுவாகும். அகன்ற இலை வடிவ அலகுடைய வல்லயம் இவ்வினத்தைச் சேர்ந்தது.

இரண்டாவது வாளும் குறுவாளும். நீண்ட வாளைப் புலியின் வயிற்றில் பாய்ச்சி, அதன் முனை முதுகுப்புறம் வெளிப்படுவதாகக் காட்டும் சிற்ப மரபு உண்டு. குறுவாள் ஏந்திய வீரன் புலியை ஒட்டியே நிற்கிறான். சில கற்களில் அவனது இடக்கை புலியின் வாயருகே நீட்டப்பட்டிருக்கும். ஒரு கையை விலங்குக்குக் கொடுத்து மறுகையால் குத்தும் இந்நிலை, கருவி குறுகியதாயின் வீரன் தரவேண்டிய விலை எத்தகையது என்பதைப் புலப்படுத்துகிறது.

மூன்றாவது கட்டாரி. பிற்காலக் கற்களில் இதன் உருவம் தெளிவாகத் தெரிகிறது. இதன் அமைப்பு அடுத்த பகுதியில் விளக்கப்படும்.

இவற்றோடு இடையிற் செருகிய சுரிகையும் சில வீரர்க்குக் காட்டப்படுகிறது. முதற்கருவி தவறினாலோ புலியின் உடலில் சிக்கிக்கொண்டாலோ உதவுவது அதுவே. நாயும் சில கற்களில் வீரனுக்குத் துணை நிற்கிறது. நடுகல் மரபில் நாய்க்குரிய மதிப்பை எடுத்தனூர்க் கல் உணர்த்தும். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அக்கல், கள்வரைக் கடித்த கோவிவன் என்னும் நாயைப் பெயர் சுட்டிப் போற்றுகிறது. நாயின் பெயரைக் கூறும் அக்கல் வீரன் ஏந்திய கருவியின் பெயரைக் கூறவில்லை என்பது கருதத்தக்கது. நடுகல் மரபில் பெயர் பெறுவது உயிரே; கருவி உருவம் மட்டுமே பெறுகிறது. 'இன்ன வாள்' எனப் பெயரிட்டு ஆயுதத்தைத் தனித்துப் போற்றும் காப்பிய வழக்கம் இங்கு இல்லை.

சிற்பிகளின் மரபையும் கருத்திற்கொள்ள வேண்டும். காட்டில் புலி பெரும்பாலும் பின்புறமிருந்தோ பக்கவாட்டிலோ தாக்கும். கல்லில் அது எப்போதும் எதிர்முகமாக எழுந்து நிற்கிறது. புறமுதுகு காட்டாமையே வீரம் என்னும் விழுமியம், விலங்கின் இயல்பையும் மாற்றி அமைக்கச் செய்துள்ளது. எனவே சிற்பத்தில் உள்ள நிலையை நிகழ்வின் நேர்ப்பதிவாகக் கொள்ளாது, ஊர் அந்நிகழ்வை எவ்வாறு நினைவிற் கொள்ள விரும்பியது என்பதற்கான சான்றாகக் கொள்வதே பொருந்தும்.

5. கட்டாரி: கைமுட்டியின் நீட்சி

மற்றக் குறுவாள்களின் பிடி அலகின் நேர்கோட்டில் அமையும். கட்டாரியின் பிடியோ அலகுக்குக் குறுக்காக அமைவது. இரு பக்கச் சட்டங்களுக்கு இடையே உள்ள குறுக்குக் கம்பிகளைக் கை பற்றிக்கொள்ள, அலகு கைமுட்டிக்கு நேர் முன்னே நிற்கும். பக்கச் சட்டங்கள் முன்கையைக் காக்கும். மணிக்கட்டு வளையாமல் தோளின் வலிமை முழுவதும் முனைக்குச் செல்வதால், குத்துவதற்கென்றே உருவான கருவி இது. 'குத்தி' என்னும் நடுகல் வினைக்கு மிகவும் இயைந்த ஆயுதம் கட்டாரியே எனலாம்.

கைக்கவசம் பொருந்திய கட்டாரிகள் விசயநகரப் பண்பாட்டோடு இணைத்துப் பேசப்படுகின்றன. இந்தியப் படைக்கலங்களை ஆராய்ந்த இராபர்ட் எல்குட் 2004இல் வெளியிட்ட தம் நூலில் தென்னிந்தியக் கருவிகளை விரிவாக ஆராய்ந்துள்ளார். தஞ்சை அரண்மனைப் படைக்கலச் சாலையில் இருந்த கட்டாரிகள் பலவும் பின்னர்ச் சென்னை அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. அவற்றில் ஐரோப்பிய வாளின் அலகைத் துண்டித்துப் பொருத்திய கட்டாரிகளும் உண்டு. கடல்வழி வந்த எஃகும் உள்நாட்டுக் கைப்பிடியும் ஒரே கருவியில் இணைந்தன.

எனினும் அரண்மனைக் கட்டாரியும் நடுகல் கட்டாரியும் ஒன்றல்ல. முன்னது பொன்வேலைப்பாடும் யாளி முகமும் கொண்டு தகுதியைக் காட்டுவது. அரசரின் புலிவேட்டையில் யானையும் வலையும் பறையடிப்போரும் ஈட்டியாளரும் சூழ்ந்திருப்பர். கட்டாரி இறுதிக் குத்துக்கோ தற்காப்புக்கோ உரியது. பின்னது, சூழ எவருமில்லாத ஒருவனின் கையிலிருந்தது. இராசபுதனத்தில் கட்டாரியால் புலியை வென்ற அரசர் கதைகள் பல வழங்குகின்றன. அவ்வேந்தர்கள் உயிர் பிழைத்துப் புகழ்பெற்றனர்; தமிழகக் கல்வீரர் மாண்டு புகழ்பெற்றனர். ஒரே கருவி இரு சமூக நிலைகளில் இருவேறு முடிவுகளைத் தந்துள்ளது.

'புலிநகம்' எனப் பொருள்படும் 'வாக்நக்' கருவியையும் இங்கு வேறுபடுத்திக் காட்டுவது தேவை. 1659இல் சிவாஜி அப்சல்கானை எதிர்கொண்ட நிகழ்வோடு அது இணைத்துப் பேசப்படுகிறது. அது புலியோடு பொருதற்கு உரியதன்று. புலியின் நகத்தைப் போலச் செய்து மாந்தர்மேல் பயன்படுத்துவது. பொதுமக்களுக்கான எழுத்துகளில் இவை இரண்டும் புலிப்போர்க் கருவிகள் என ஒருங்கே எண்ணப்படுவதால் குழப்பம் நேர்கிறது.

6. வலையும் வேலும்: வயநாட்டு நரிக்குத்து

தனி வீரனின் போருக்கு மாற்றாக, ஊர் கூடிப் புலியை எதிர்கொண்ட முறைக்கு வயநாட்டு நரிக்குத்துச் சிறந்த சான்று. வயநாட்டு வழக்கில் நரி என்பது புலியைக் குறிக்கும். இதனை நிகழ்த்திய வயநாடன் செட்டிகள் தாராபுரத்திலிருந்து குடிபெயர்ந்தோர் எனத் தம் மரபைக் கூறிக்கொள்வர். புலி பதுங்கிய புதரைச் சுற்றி வலையை வளைத்துக் கட்டி, அதற்கு வெளியே ஈட்டியேந்தியோர் நிற்பர். வளையத்தைச் சிறிது சிறிதாகக் குறுக்கி, வலையில் பாயும் புலியைக் குத்துவர். இதற்குச் சடங்கு முறைகளும் உண்டு. சி. கோபாலன் நாயர் 1911இல் வெளியிட்ட வயநாடு பற்றிய நூலும் இவ்வட்டாரத்தின் மக்களையும் மரபுகளையும் பதிவு செய்துள்ளது. குடகில் புலியைக் கொன்றவனுக்கு மணமகனைப் போலச் சிறப்புச் செய்யும் 'நரி மங்கல' என்னும் சடங்கு நிகழ்ந்தது.

நரிக்குத்தில் முதன்மைக் கருவி ஈட்டியன்று, வலையே ஆகும். வலை புலியின் பாய்ச்சலை முறிக்கிறது. ஈட்டி செயலை முடிக்கிறது. இம்முறையில் தனியொருவனின் பெயர் நிலைப்பதில்லை. ஊரின் பெயரே நிலைக்கும். நடுகல்லில் வலை அரிதாகவும் வாள் மிகுதியாகவும் காணப்படுவதற்குக் காரணம், வலை பயன்படாமையன்று. ஊர் திரண்டு சென்ற வேட்டையில் நடுகல் எடுப்பதற்குரிய சாவு நேரும் வாய்ப்புக் குறைவு. தனியே எதிர்ப்பட்டவனே பெரும்பாலும் கல்லானான்.

7. தொன்மத்தில் கருவியின் மாற்றம்

புலிப்போர்த் தொன்மங்களுள் போசளர் குடித்தோற்றக் கதை பெரிதும் அறியப்பட்டது. சோசவூரில் சமண முனிவர்மீது பாயவந்த புலியைச் சளன் என்பான் கொன்றான் எனவும், 'பொய் சள' (அடி, சளா) என முனிவர் இட்ட ஆணையே குடிப்பெயராயிற்று எனவும் அக்கதை கூறும். கதையில் சளன் கையிலிருந்தது முனிவர் அளித்த கோல் என்பர். பேலூர், ஹளேபீடு சிற்பங்களில் அது வாளாகவும் குறுவாளாகவும் காட்டப்படுகிறது. விலங்கும் புலியினும் சிங்கத்தையே பெரிதும் ஒத்துள்ளது. கோல் வாளாவதும் புலி சிங்கமாவதும், ஒரு குடித் தலைவனின் கதை பேரரசின் சின்னமாக வளர்ந்ததன் அடையாளங்கள்.

இச்சின்னத்தைத் தாங்கிய படை தென்பெண்ணைச் சமவெளிக்கும் வந்தது. 1231இல் கோப்பெருஞ்சிங்கனால் சிறைவைக்கப்பட்ட மூன்றாம் இராசராசனை மீட்கப் போசளன் இரண்டாம் நரசிம்மன் அனுப்பிய படையெடுப்பை, கடலூரை அடுத்த திருவயிந்திரபுரக் கல்வெட்டு விரித்துரைக்கிறது. அவ்வூர் பாகூருக்கு அணித்தேயுள்ளது. புலிக்கொடிச் சோழனை மீட்கப் புலியைக் கொன்றவனின் வழியினர் வந்தனர் என்பது சின்னங்களின் வரலாற்றில் ஒரு முரண்.

திப்பு சுல்தான் பற்றிய கதையும் இத்தகையது. பிரெஞ்சு நண்பர் ஒருவரோடு வேட்டைக்குச் சென்றபோது துப்பாக்கி வெடிக்காமற்போக, பாய்ந்த புலியைக் குறுவாளால் திப்பு கொன்றார் என மக்கள் வழக்கு கூறும். கதையின் மையம் துப்பாக்கியின் தோல்வியே. புதிய கருவி கைவிட, பழைய கருவி காக்கிறது. துப்பாக்கி பரவிய காலத்தில் குறுவாள் தன் பழம்பெருமையை இத்தகைய கதைகளின் வழியே தக்கவைத்துக்கொண்டது. 1799இல் சீரங்கப்பட்டணத்தில் கைப்பற்றப்பட்ட 'திப்புவின் புலி' என்னும் இயந்திரப் பொம்மையை, 1792இல் சாகர்த் தீவில் புலியால் கொல்லப்பட்ட எக்டர் மன்றோவின் மகனோடு தொடர்புபடுத்துவர். அந்த மன்றோவே 1778இல் புதுச்சேரியை முற்றுகையிட்டுக் கைப்பற்றிய படைத்தலைவர். மாந்தன் கையில் எக்கருவியும் இல்லாத புலிப்போர் உருவம் அது. அங்கு வெல்வது புலியே.

8. கடைமடையில் புலி: முனிவரும் காவல் தெய்வமும்

தென்பெண்ணையின் கடைமடையில் புலி வேறு உருக்கொள்கிறது. கடலூரின் பழம்பெயர் திருப்பாதிரிப்புலியூர். தில்லையின் பெயர் பெரும்பற்றப்புலியூர். இவ்விரு தலங்களும் புலிக்கால் முனிவராகிய வியாக்கிரபாதரோடு தொடர்புடையன. வண்டு தீண்டுமுன் மலர் பறிக்க வேண்டி, மரமேறுதற்குரிய புலிக்காலை அவர் வரமாகப் பெற்றார் என்பது புராணம். மேட்டில் வீரனின் உடலைக் கிழிக்கும் நகம், இங்கு வழிபாட்டிற்குரிய கருவியாகிவிடுகிறது. புலி அருகிய வேளாண் சமவெளியில் அதனோடு பொருத வேண்டிய தேவை இல்லை. அதனை அடியாராக்க முடிந்தது.

கருவி மரபு இங்கு முற்றிலும் மறைந்துவிடவில்லை. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் சிற்றூர்களில் ஊரெல்லையில் நிற்கும் ஐயனார் கோயில்களில் சுடுமண் குதிரைகளும், அரிவாளும் வாளும் ஏந்திய காவல் வீரர்களும் உள்ளனர். புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூர்ச் சுடுமண் கலை இவ்வகை உருவங்களை வனையும் மரபோடு நெருங்கியது. மேட்டுநிலத்தில் நடுகல் வீரன் வேடியப்பன் என்னும் பெயரில் வழிபடப்படுவதும், கடைமடையில் ஐயனாரின் பரிவாரம் ஆயுதத்தோடு எல்லை காப்பதும் ஒரே தேவையின் இரு விடைகள். மேட்டில் பகை புலியாகவும் கள்வராகவும் வந்தது. பள்ளத்தில் அது நோயாகவும் வெள்ளமாகவும் வந்தது. காவலன் கையில் ஆயுதம் மட்டும் அவ்வாறே நிலைத்தது.

9. திரைப்படத்தில் புலிப்போர்

தமிழ்த் திரைப்படத்தின் புலிப்போர்க் காட்சிகளுள் டி. ஆர். ராமண்ணா இயக்கிய 'குலேபகாவலி' (1955) படத்தில் எம்.ஜி.ஆர். புலியோடு பொரும் காட்சி நெடுங்காலம் பேசப்பட்டது. அரேபியக் கதைச்சூழலில் அமைந்த அப்படத்தில் நாயகனின் உடல்வலிமையே முதன்மை பெறுகிறது. சாண்டோ சின்னப்பா தேவர் தயாரித்த 'வேட்டைக்காரன்' (1964) படத்தில் நாயகன் கையில் துப்பாக்கி இடம்பெறுகிறது. நடுகல் வீரனின் இரு கூறுகளான வெறுங்கைத் துணிவும் கருவித் திறனும் இவ்விரு படங்களில் தனித்தனியே பிரிந்து நிற்கின்றன. இரண்டிலும் 'குத்தி' உண்டு, 'பட்டான்' இல்லை.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1973இல் தொடங்கிய புலிகள் பாதுகாப்புத் திட்டமும் புலி பற்றிய பொதுக் கருத்தை மாற்றின. புலி, சிறுத்தை, சிங்கம், கரடி, குரங்கு ஆகியவற்றை வித்தை காட்டும் விலங்குகளாகப் பழக்குவதற்கு நடுவணரசு 1998இல் விதித்த தடையை உச்ச நீதிமன்றம் 2001இல் உறுதி செய்தது. அதன்பின் திரையில் தோன்றும் புலிப்போர் பெரிதும் கணினி வரைகலையைச் சார்ந்ததாயிற்று. உண்மைப் புலி விலகியதும் போர்க்காட்சியின் அளவு பெருகியது.

மலையாளத்தில் வெளிவந்து தமிழிலும் மொழிமாற்றம் பெற்ற 'புலிமுருகன்' (2016) நடுகல் மரபுக்கு அண்மையில் நிற்கிறது. புலியூர் என்னும் காட்டோரச் சிற்றூர், ஆடுமாடுகளையும் மக்களையும் கொல்லும் புலி, ஊரைக் காக்கும் தனியன், அவன் கையில் வேல் என அதன் கூறுகள் யாவும் கல்லில் உள்ளவையே. ஆயினும் நாயகன் மீண்டும் மீண்டும் வெல்கிறான். ஊர் அவனுக்குக் கல்லெடுக்கும் தேவை எழுவதில்லை. 'ஆர்ஆர்ஆர்' (2022) படத்தில் நாயகன் கயிறும் வலையும் கொண்டு புலியை உயிரோடு பிடிக்கிறான். நரிக்குத்தின் வலை இங்கு ஈட்டியின்றித் திரும்பி வருகிறது. பாதுகாக்கப்பட்ட விலங்கைக் கொல்லும் நாயகனை இன்றைய அவை எளிதில் ஏற்காது என்பதை இம்மாற்றம் உணர்த்துகிறது.

புதுச்சேரியோடு நேரடித் தொடர்புடைய புலிப்படம் ஆங் லீ இயக்கிய 'லைஃப் ஆஃப் பை' (2012). யான் மார்ட்டெல் 2001இல் வெளியிட்ட புதினத்தை ஒட்டிய அப்படத்தின் தொடக்கப் பகுதிகள் புதுச்சேரியில் படமாக்கப்பட்டன. உயிர்ப்படகில் புலியோடு தனித்து விடப்பட்ட சிறுவன் கோலும் ஊதலும் கொண்டு அதனைப் பழக்குகிறான். அவன் புலியைக் கொல்வதில்லை. அதற்கு உணவளித்து, எல்லை வகுத்து, உடன் வாழக் கற்கிறான். புலியைக் கருவியால் அன்றி உடன்பாட்டால் எதிர்கொண்ட வியாக்கிரபாதரின் நிலத்திற்கு அருகே இக்கதை தொடங்குவது தற்செயலே ஆயினும், ஒப்பீட்டிற்கு உரியது. போசளர் கதையில் வாளாக வளர்ந்த கோல் இங்கு மீண்டும் கோலாகவே நிற்கிறது.

10. முடிவுரை

மேற்கண்ட ஆய்வின் வழிப் பின்வருவன பெறப்படுகின்றன.

1. புலிக்குத்திக்கல் ஆகோள் நடுகல் மரபின் கிளையாகும். அதில் காணப்படும் ஈட்டி, வாள், குறுவாள், கட்டாரி ஆகியன புலிப்போருக்கென்றே செய்யப்பட்டவை அல்ல. காவலுக்கும் போருக்கும் உரிய கருவிகளே அந்நெருக்கடியில் பயன்பட்டன. புலிப்போருக்கெனத் தனி ஆயுதம் இருந்தது என்னும் கருத்து தொன்மமும் திரைப்படமும் வளர்த்தது.

2. 'குத்தி' என்னும் வினை அண்மைப்போரின் இயல்பைத் துல்லியமாகக் குறிக்கிறது. கருவியின் நீளம் குறையக் குறைய வீரனின் சாவு உறுதிப்படுகிறது என்பதைச் சிற்பங்களின் அமைப்பே காட்டுகிறது.

3. 'பட்டான்' என்னும் வினையைத் தொன்மமும் திரைப்படமும் நீக்கிவிட்டன. சாவு நீங்கியதும் வீரன் ஊருக்குக் கடமைப்பட்டவன் என்னும் நிலையிலிருந்து ஊரை விஞ்சியவன் என்னும் நிலைக்கு உயர்கிறான்; கருவியும் உயிர்காக்கும் பொருள் என்னும் நிலையிலிருந்து காட்சிப் பொருளாகிறது.

4. தென்பெண்ணையின் மேட்டுநிலம் புலியைப் பகையாகவும், கடைமடை அதனை அடியாராகவும் நினைவிற் கொண்டன. நில அமைப்பும் வாழ்முறையும் நினைவின் வடிவத்தைத் தீர்மானித்தன.

மேட்டுநிலங்களில் எழுத்தில்லாப் புலிக்குத்திக் கற்கள் பல இன்று வயலோரங்களிலும் சாலையோரங்களிலும் நிற்கின்றன. சிலவற்றில் மஞ்சளும் எண்ணெயும் படிந்து கருவியின் உருவம் மறைந்துள்ளது. சாலை விரிவாக்கத்தின்போதும் நிலத்தைச் சமன்செய்யும்போதும் கற்கள் இடம்பெயர்கின்றன. அவற்றை ஆவணப்படுத்துவோர் கல்லின் அளவையும் காலத்தையும் குறிப்பதோடு, கருவியின் வகை, பிடித்துள்ள கை, பாயும் இடம், வீரனுக்கும் விலங்குக்கும் இடையிலான தொலைவு ஆகியவற்றையும் தனித்தனியே பதிவு செய்தல் வேண்டும். எழுத்தில்லாத கல்லில் மாண்டவனைப் பற்றி எஞ்சியிருக்கும் வாசகம் அவன் கையிலுள்ள கருவி ஒன்றே.